இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்

தேனி கடைவீதியில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாக அழைப்பிதழ் எழுதுகிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கட்சிக்காரர்களுக்குப் பத்தடி பிளெக்ஸ். ஆளை வரவேற்று எழுதுவதில் இந்தச் சண்முகராஜை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது என்பது என் எண்ணம். கொஞ்சம் தலைக்கனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதனால் என் பெயர் போட்டு ஒரு பத்திரிகையும் அடித்ததில்லை.

எதிர்க்கடை ஜெபஷீலா செல்போன் ரிப்பேர் பார்க்கிறவள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பழைய போன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அது என்னுடையதுதான். இனி அப்டேட் கிடையாது என்று கம்பெனி கைகழுவியதும், போன வருஷம் அவளிடம் தூக்கிப் போட்டிருந்தேன்.

"அண்ணே, அவசரமா ஒரு வரவேற்பு எழுதித் தரணும்."

"யாரு வீட்டு விசேஷம்?"

"வீட்டுக்கு இல்லண்ணே. போனுக்கு."

கிண்டல் செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. போனை ஓட்டுகிற மென்பொருளைக் கம்பெனிகள் பூட்டி வைத்திருக்கின்றனவாம். பூட்டே இல்லாமல், யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், சும்மாவே போட்டுக்கொள்ளலாம் என்று வேறொன்றைச் சிலர் செய்திருக்கிறார்களாம். கைவிட்ட போனும் அதில் ஓடும். அதைத் தமிழாக்குகிற வேலையை இரண்டு வருஷமாக இவள் ஒருத்தியே செய்திருக்கிறாள். ஐயாயிரம் வரிக்கு மேல் முடிந்துவிட்டது. போனைத் திறந்ததும் முதல் திரையில் வருகிற வரவேற்புதான் பாக்கி. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அது செய்கிறவர்களுக்குப் போய்ச் சேராவிட்டால் இந்தப் பதிப்பில் தமிழ் கிடையாது. அடுத்த பதிப்புக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

"ஐயாயிரம் வரி எழுதினவளுக்கு நாலு வரி வரலையாக்கும்?"

"அலாரத்தை அணைன்னு எழுதிருவேண்ணே. வாங்கன்னு கூப்புட வரல. நான் எழுதுனா மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு." சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் குரல் உடைந்திருந்தது. தன் இரண்டு வருஷ உழைப்பு வாசற்படியில் வந்து நிற்கிறதே என்ற பதைப்பு.

அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். 'பேரன்புடையீர், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, தங்கள் பொற்கரங்களால் திரையைத் தொட்டு, இம்மென்பொருளைச் சிறப்பிக்குமாறு...'

"போனைத் திறக்கச் சொந்தக்காரவுக எல்லாரையும் கூட்டிட்டு வரணுமாண்ணே?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. திரையில் நாலு வரிக்குத்தான் இடம் என்றும் சொன்னாள்.

மறுநாள் முதல் மூன்று வரி அமைந்துவிட்டது. "கீழ யாரு பேரு?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் வேணாம்ணே."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பக்கம் அழைப்பிதழைக் கையில் வாங்கினால் முதலில் அடியைத்தான் பார்ப்பார்கள். கூப்பிடுகிறது யார், தாய்மாமன் பெயர் சரியாக இருக்கிறதா என்று. ஒரு பெயர் விட்டுப்போனதற்காகப் பந்தியிலிருந்து எழுந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"பேரு இல்லாம எழுதுனா அது மொட்டைக் கடுதாசி. ஓனர் பேரச் சொல்லு."

"ஓனரே கிடையாதுண்ணே."

"ஓனர் இல்லாத வீட்டுக்கு எவன் வாங்கன்னு கூப்புடுவான்? போ ஆத்தா!" பேனாவை வீசினேன். அவள் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வியாழக்கிழமை முழுக்க இருவரும் முகம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் வந்து, லேப்டாப்பை என் மேசைமேல் வைத்தாள். "பேரு கேட்டீகளே. இந்தாங்க, இதச் செஞ்சவுக."

லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்ட மாதிரி பெயர்கள் வந்தன. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்த வேலை. பிரேசிலில் ஒரு நர்ஸ், கண் தெரியாதவர்களுக்கு எழுத்தைப் படித்துக் காட்ட வழி செய்திருக்கிறார். ஜப்பானில் ஒருவர், ஒரே ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருக்கிறார். அவர் பெயரையும் விடவில்லை.

"இவரப் பாருங்க. போலந்துக்காரவுக. தமிழ்க் கொம்பு எழுத்த விட்டுத் தனியா நின்னுச்சு. பதினோரு நாள் உக்காந்து சேத்து வச்சாக. அவுகளுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது."

"சம்பளம்?"

"யாருக்கும் கிடையாதுண்ணே. பதினோராயிரம் பேரு."

ஒரு கல்யாணத்துக்கு நாற்பது பெயர் போடுவதற்குள் மூன்று சண்டை தீர்த்து வைக்கிறவன் நான். இங்கே பதினோராயிரம் பேர், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, ஒரு வீட்டைக் கட்டி வாசலைத் திறந்து போட்டிருக்கிறார்கள். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் இத்தனை வயசாகிவிட்டது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

அப்போதுதான் கோயில் பொங்கலுக்கு நான் வருஷா வருஷம் எழுதும் நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. அங்கேயும் தனியாக ஓனர் கிடையாது. பேனாவைத் தேடி எடுத்து, நாலாவது வரியை எழுதினேன்.

'வாங்க.
இந்தப் போன் இனி உங்களுடையது. பூட்டிய அறை எதுவும் இதில் இல்லை.
குறை கண்டால் சொல்லுங்கள், முடிந்தால் கைகொடுங்கள்.
இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.'

ஜெபஷீலா இரண்டு தடவை படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மேசையிலேயே உட்கார்ந்து அனுப்பிவிட்டாள். அப்போது மணி பதினொன்றரை.

பத்து நாள் கழித்து என் பழைய போனை என்னிடமே நீட்டினாள். "தொறங்கண்ணே."

ஒவ்வோர் எழுத்தும் நான் எழுதியதுதான். என்ன வரும் என்று தெரியும். ஆனாலும் இருட்டுத் திரையில் 'வாங்க' என்று வந்தபோது உடம்பு சிலிர்த்தது. ஊரையெல்லாம் கூப்பிட்டவனை அன்றைக்குத்தான் ஒருவர் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"இதுலயும் அந்தப் பேரு லிஸ்ட்டு இருக்கு. கடைசிக்குப் போங்க" என்றாள்.

போனேன். ஜெபஷீலா, தேனி. அதற்குக் கீழே, சண்முகராஜ், தேனி.

எழுந்துபோய், பத்திரிகைக்குத் தடவ வைத்திருக்கும் மஞ்சளைக் குழைத்து, போனின் நாலு மூலையிலும் வைத்தேன். "அண்ணே, ஈரம் உள்ள எறங்கிரும்!" என்று அவள் கத்தினாள். நான் கேட்கவில்லை. போனை இரண்டு கையிலும் ஏந்தி டீக்கடைக்குப் போய், டீ ஆற்றிக்கொண்டிருந்த நாகராஜிடம் நீட்டினேன்.

அவன் மஞ்சளைப் பார்த்தான். "யாரு வீட்டு விசேஷம்ணே?"

"நம்ம வீட்டு விசேஷம்தான். கண்டிப்பா வந்திரணும்" என்றேன்.