துவைக்கும் அறை

என் தம்பி பெரிய எழுத்தாளன். அவன் இறந்து ஆறு வருடங்கள் கழித்து, நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டை அவனுக்கு நினைவு இல்லமாக்கினார்கள். திறப்பு விழாவுக்குக்கூட நான் போகவில்லை. பிறகு ஒருநாள் தம்பி மகள் வற்புறுத்தியதால்தான் போனேன்.

முன்னறையில் என் மேசை கிடந்தது. சுற்றிலும் சிவப்புக் கயிறு. 'இங்கே அமர்ந்துதான் எழுதினார்' என்று பலகை. பார்க்க வந்த ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அது அப்பாவின் மேசை; அவருக்குப் பிறகு என்னுடையது. தம்பியை அதைத் தொடவிட்டதில்லை. கதை எழுதிக் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைப்பான் என்று அவனைப் பின்கட்டில் துணி துவைக்கும் அறைக்கு விரட்டியவன் நான். ஈரத் துணிகளுக்கு அடியில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதினான். தாள் தீர்ந்தால் சுவரில் பென்சிலால் எழுதுவான். அவன் வேலை கிடைத்து வெளியூர் போன மறுநாளே அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவைத்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"பின்கட்டுல துணி துவைக்கிற ரூமை இடிச்சுட்டு டாய்லெட் கட்டப் போறாங்க, பெரியப்பா," என்றாள் தம்பி மகள். "அங்கதான் எழுதினேன்னு அப்பா எங்கிட்ட சொல்லியிருக்காரு. இவரு நம்ப மாட்டேங்கிறாரு."

பக்கத்தில் நின்ற நினைவு இல்லப் பொறுப்பாளர் சிரித்தார். "அவ்வளவு பெரிய மனுசரை அழுக்குத் துணியோட உட்கார வெச்சா ஊரே என்னை ஏசும்மா. ஐயா கூடவே இருந்தவரு. ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே வேலையை நிறுத்திடறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை பெரிய வீட்டில் அவனுக்கு ஏன் அந்த இடம் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

"இந்த மேசையிலதான் எழுதினான்," என்றேன். "எங்க வீட்டுப் பிள்ளையை நாங்க அப்படியா வெச்சிருப்போம்?"

அவள் வாதாடவில்லை. "சரிங்க," என்றாள், யாரோ வெளியாளிடம் சொல்வதுபோல. பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

நான் பின்கட்டுக்குப் போனேன். வேலையாளின் கடப்பாரை விழுந்த முதல் அடியிலேயே சுண்ணாம்பு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் தம்பியின் சாய்ந்த எழுத்து. ஒரு வரியை மட்டும் படிக்க முடிந்தது: 'அண்ணன் வருவதற்குள் முடிக்க வேண்டும்.'

வேலையாள் கையை நிறுத்தினார். "என்னமோ எழுதியிருக்கே, பெரியவரே. ஆபீசுல சொல்லணுமா?"

"துவைக்கப் போட்ட துணிப் பட்டியல்," என்றேன்.

"அப்ப தள்ளிக்கோங்க. தூசி பறக்கும்."

தள்ளி நின்றேன்.