நூற்றுக்கு ஒரு வாளி

சாய ஆலையின் பின்புறம், கழிவுநீர்த் தொட்டிகளை ஒட்டிய சின்ன அறையில் வேலை பார்ப்பவரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூச்சிக்காரர் என்றால்தான் தெரியும். தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆலையில் பூச்சி என்றே பெயர். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடானுகோடிப் பூச்சிகள் சாயத்தைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். அவற்றைச் சாகாமல் பார்த்துக்கொள்ள இவருக்குச் சம்பளம். "என்ன சார், பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்று வாசல் காவலாளி கேட்காத நாள் கிடையாது.

அது சுருக்கென்று தைக்கும் என்று காவலாளிக்குத் தெரியாது, பாவம். பூச்சிக்காரருக்கு ஒரே மகள். நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போன மனைவி, நாலு வருஷத்துக்கு முன்னால் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயசு. அவரும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவதாக வருஷா வருஷம் பேச்சு கிளம்பும், ஏதாவது ஒரு காகிதம் குறையும், பேச்சு அடங்கும். முதலில் போனில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்த மகள் போகப் போக, "நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட கொடுக்கறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த ஒரு வரிக்காக அவர் வாரம் பூராவும் காத்திருப்பார்.

இந்த விடுமுறைக்கு அவள் வருவதாக முடிவானது. பதினைந்து நாள். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மனைவியின் தங்கை கூட்டிவந்து விட்டுவிட்டு, திரும்பும்போது அழைத்துப்போவாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தார், சமைத்துப்போட அக்காவை வரவழைத்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: திரும்பிப் போவதற்குள் அவள் பழையபடி தன் மகளாகிவிட வேண்டும்.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் மனைவி போனில் சொன்னாள்: "அவளுக்கு உங்ககிட்ட பழக்கம் விட்டுப்போச்சுங்க. ஒரேயடியா மேல விழாதீங்க. மெதுவாப் பழக்குங்க."

வேறு எந்த அப்பாவும் சரி என்று தலையாட்டிவிட்டு மறந்திருப்பான். இவருக்கு அது மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. காரணம், பழக்குவதுதான் அவர் தொழிலே. ஆலையில் புதுச் சாயம் வந்தால் அதன் கழிவை அப்படியே தொட்டியில் விட முடியாது. முதல் நாள், பழகிய தண்ணீர் நூறு வாளிக்குப் புதுசு ஒரு வாளி. மறுநாள் இரண்டு. நுரையைப் பார்த்து, வாடையைப் பார்த்து, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துத்தான் அடுத்த வாளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை ஆர்வக்கோளாறில் புதுச் சாயத்தை மொத்தமாகத் திறந்துவிட்டார். தொட்டி செத்தது. மூன்று வாரம் ஆலையே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே மகள் வந்த அன்று மனுஷன் கால் மணி நேரம்தான் அவள் எதிரில் இருந்தார். கட்டிக்கொள்ளக் கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பயணம் நன்றாக இருந்ததா என்று விசாரித்துவிட்டு ஆலைக்குக் கிளம்பினார். மறுநாள் அரை மணி நேரம். மூன்றாம் நாள் முக்கால் மணி நேரமும் ஒரு கலர்பென்சில் பெட்டியும். அன்று அவர் உள்ளே வந்ததுமே மகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பூச்சிக்காரர் பதறிப்போனார். மைக்ராஸ்கோப்பில், மணி மாதிரித் தலையும் நூல் மாதிரிக் காலுமாக ஆடிக்கொண்டிருக்கும் உயிர்கள், அளவு கூடினால் இப்படித்தான் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். அளவு மீறிவிட்டது என்று முடிவு கட்டி, மறுநாள் இருபது நிமிஷமாகக் குறைத்தார். உலகத்தில் இப்படி ஒரு அறிவாளி உண்டா?

மற்ற நேரமெல்லாம் தவிப்புதான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, அவள் அத்தையோடு பேசும் குரலை ஒட்டுக்கேட்டார். வாசலில் அவள் கழற்றிப்போட்ட செருப்பை எடுத்து அளந்து பார்த்தார். அவர் கையை விட நீளமாகிவிட்டிருந்தது. அக்கா திட்டித் தீர்த்தாள். "கல்நெஞ்சுக்காரா, இதுக்கா பிள்ளையை வரவழைச்ச?" எல்லாம் ஒரு கணக்கோடுதான் நடக்கிறது என்று இவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை அக்காவுக்குப் பல்வலி. டாக்டரிடம் போகிற வழியில், உன் மகளை நீயே பார்த்துக்கொள் என்று அவளை ஆலையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அறையில் இருப்பதே ஒரு நாற்காலி. மகள் அதில் உட்கார்ந்தாள், இவர் நின்றார். பேச எதுவும் தோன்றாமல் மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். ஆலையில் இப்போது புதிதாகக் கறுப்புச் சாயம் வந்திருப்பதையும், தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதையும் சொன்னார். தன் தொழிலைப் பற்றி என்றால் அவருக்கும் பேச்சு வந்தது.

"மொத்தமா ஊத்தினா என்ன ஆகும்?"

"தாங்காது. செத்துடும்."

"கொஞ்சமா ஊத்தினா பழகிடுமா?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. பழகிவிட்டது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம், உண்மையில் பெரும்பாலான பூச்சிகள் பழகுவதில்லை, தாங்க முடியாதது சாகிறது, தாங்குகிற நாலைந்து பெருகித் தொட்டியை நிரப்புகிறது, நமக்குப் பார்க்க அதே தொட்டி மாதிரி இருக்கிறது என்றார். மகள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா, நான் வந்தது உங்களுக்குப் பிடிக்கலையா?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவி சொன்னதையும், கால் மணி, அரை மணிக் கணக்கையும், முகத்தைத் திருப்பிய அன்று நேரத்தைக் குறைத்ததையும் ஒன்றுவிடாமல் உளறிக்கொட்டினார். சொல்லச் சொல்லத்தான் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவருக்கே உறைத்தது.

"அன்னிக்கு நீங்க உடனே கிளம்பிடுவீங்கன்னு கோபம். அதான் திரும்பிக்கிட்டேன்" என்றாள். பிறகு, "அங்க போனதும் ஸ்கூலுக்குப் பழகினேன். குளிருக்குப் பழகினேன். அம்மா நைட் டியூட்டி போனா தனியாத் தூங்கப் பழகினேன். இங்க வந்தா எதுக்கும் பழக வேணாம்னு நினைச்சேன்" என்றாள். அப்போதுதான் அவள் கண்ணை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

பத்து வயசுப் பிள்ளை, தூக்குகிற கனமா? தூக்கினார். அவள் இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இதற்கு ஒரு நாள் கூடத் தேவைப்பட்டிருக்காது என்று நினைத்தபோது அவருக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. பதினொரு நாளை வீணடித்துவிட்டார். இன்று போக மிச்சம் மூன்றே நாள்.

அவளை இறக்கிவிடாமலே மேனேஜருக்குப் போன் போட்டு, இந்த நிமிஷத்திலிருந்து மூன்று நாள் வரமாட்டேன் என்றார். மேனேஜர் எகிறினார். கறுப்புச் சாயம் பாதியில் நிற்கிறது, நாளைக்கு எத்தனை வாளி, யார் பார்த்து ஊற்றுவது என்று சத்தம் போட்டார்.

"யாரும் ஊத்த வேணாம் சார். தொட்டிக்குக் காத்து விடற மோட்டார் மட்டும் ஓடட்டும். மூணு நாள் பட்டினி கிடந்தா அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் பூச்சிக்காரர். "நான் நாலு வருஷமாக் கிடக்கறேன் சார்."

 மேனேஜர், லீவு லெட்டரை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.