ஒரு மாசம் தாங்கும்

நம்பிராஜன் டாக்ஸியின் வலது முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் ஆட்டினான். அப்போதும் அசையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவன் மாட்டிய ஸ்டியரிங் பால் ஜாயிண்ட் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகியும் கப்பலில் புது சாமான் வந்தபாடில்லை. குர்லாவில் உடைத்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து தேடி எடுத்து வந்தது அது.

தன் தப்பில்லை என்று மனசு ஒரு நொடி துள்ளியது. தங்கை புருஷன் செத்துக் கிடக்கிற நாளில் துள்ளுகிற மனசும் ஒரு மனசா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

பிரம்மநாயகம் நேற்றுச் சாயங்காலம் சயான் பக்கம் இந்த டாக்ஸியோடு மரத்தில் மோதினான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நொறுங்கின வண்டியை உதுமானின் ஷெட்டில் இழுத்து விட்டிருந்தார்கள். கோடிச் சேலை வாங்கி வருகிறேன் என்று தங்கை வீடு இருக்கும் லேபர் கேம்ப்பிலிருந்து கிளம்பிய நம்பிராஜன், ரேஷன் கடையில் சேலையை வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருந்தான். பிறந்தவீட்டுக் கோடியை அண்ணன் தங்கைக்குப் போர்த்தினால்தான் பிரேதத்தை எடுப்பார்கள். நேரமாகிவிட்டது. ஆனாலும் பார்க்காமல் போக அவனால் முடியவில்லை.

இடது சக்கரத்தின் பக்கம் போய்க் குனிந்தான். ஸ்டியரிங் ராடு கழன்று தரையைத் தொட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

பால் ஜாயிண்ட் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் ஓர் இரும்பு உருண்டை, அவ்வளவுதான். உருண்டை தேய்ந்தால் கிண்ணத்தை விட்டு நழுவும். நழுவிவிட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். இங்கே கிண்ணம் காலியாக இருந்தது. விரலை உள்ளே விட்டான். புதுக் கிரீஸ் விரல் நிறைய வந்தது. அவன் அடைத்த கிரீஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை பசி நேரம். வலது பக்கத்தை மாட்டி முடித்ததும் இரண்டு பக்கமும் கிரீஸ் அடைத்துவிட்டு, அப்புறம்தான் இடது பக்கத்தை ஆட்டிப் பார்த்தான். ஆட்டம் தெரியவில்லை. "ஒரு மாசம் தாங்கும் மாப்ள" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். கெட்டிக் கிரீஸ் இடுக்கில் அடைத்துக்கொண்டால் தேய்ந்த உருண்டைகூட ஆடாது. முதலில் ஆட்டிப் பார்க்க வேண்டும், பிறகே கிரீஸ். தொழிலுக்கு வந்த முதல் வாரம் படித்த பாடம். இருபது வருஷம் பிசகாதது, சொந்தத் தங்கை புருஷன் வண்டியில் பிசகியது.

உதுமான் பின்னால் வந்து நின்றான். அவனும் மெக்கானிக். அவனிடம் விளக்க வேண்டியதில்லை.

"நாளைக்குப் போலீஸ்காரன் வருவான்" என்றான். "மழைல வழுக்கிருச்சுன்னு எழுதிட்டுப் போயிருவான். நீரு வாயத் தொறக்காதேயும். போன உசுரு வரவா போவுது?"

நம்பிராஜன் சேலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டான். தூறலில் கிங்ஸ் சர்க்கிள் தாண்டி நடந்தான். போலீஸ் ஒரு பயமேயில்லை. தங்கை முருகம்மாள் கேட்டால் என்ன சொல்வது?

அவன் தங்கை வீட்டுக்குப் போனபோது பிரேதம் வந்து, குளிப்பாட்டியும் ஆகியிருந்தது. காரியத்தை முன்னின்று நடத்திய பூலோகம் பெரியவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எங்கல போன? ஒனக்காவத்தான் எல்லாரும் நிக்கோம்."

உள்ளே பெண்கள் விலகி வழிவிட்டார்கள். முருகம்மாள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் குனிந்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். குரல் அவனுக்கு மட்டும் கேட்டது.

"வண்டியப் பாத்தியாண்ணே?"

"ம்."

"நேத்துக் காலைல, எடது பக்கம் என்னமோ சத்தம் கேக்குன்னு சொன்னாவ. இன்னைக்கு ஓட்டலன்னாவ. அண்ணன் பாத்த வண்டிக்கு ஒண்ணும் ஆவாது, போயிட்டு வாங்கன்னு நாந்தான் அனுப்பி வச்சேன். நான் அனுப்பித்தான் செத்தாவளா?"

"மழைல வழுக்கிருக்கும்மா."

"மழைல ஓட்டாதவியளா அவிய? எங்கிட்டப் பொய் சொல்லாதண்ணே."

அவள் முகத்தைப் பார்த்தபோது அவனுக்குப் புரிந்தது. அவன் வாயை மூடிக்கொண்டால் இவள் சாகிறவரைக்கும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஒம்மேல தப்பில்ல முருகு" என்றான். "எடது பக்கம் தேஞ்சுதான் இருந்துச்சு. நான் சரியாப் பாக்கல. தாங்கும்னு சொன்னது நாந்தான்."

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை விட்டது.

"பேச்சு என்னத்துக்கு, கோடியப் போடுய்யா" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. அவன் சேலையை உதறிப் போர்த்தினான். முருகம்மாள் தலை குனிந்துகொண்டாள். போட வேண்டாமென்று சொல்லவில்லை. அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பெண்கள் கூடி அழ, அந்தச் சத்தத்தோடு பாடையைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். நம்பிராஜன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்பக்க மூங்கிலுக்குத் தோளைக் கொடுத்தான்.

"எங்கண்ணன் தூக்க வேண்டாம்."

முருகம்மாள்தான் சொன்னாள். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"செரித்தான்" என்றார் பூலோகம். "ராவெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அலுத்தவன். கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா? ஏல சங்கரா, நீ பிடி."

சங்கரன் வந்து மூங்கிலை வாங்கிக்கொண்டான். பெண்களில் சிலர் தங்கையின் பாசத்தைச் சொல்லி இன்னும் அழுதார்கள். நம்பிராஜன் விலகி நின்றான். பாடை சந்து திரும்பிய பிறகு, எல்லாருக்கும் கடைசியில், கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவனும் நடந்தான்.