மொட்டைமாடியில் நாற்பது தலைகள்

புதன்கிழமை காலை ஆறு பத்து. மாதங்கி மொட்டைமாடிக் கதவைத் திறந்தாள். நாற்பது தலைகளையும் காணவில்லை.

உடம்புகள் மட்டும் தொட்டிக்குத் தொட்டி வரிசையாக நின்றன. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. சுத்தமான வேலை. நகத்தால் கிள்ளியிருந்தார்கள். கிள்ளிய இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

ஷ்யாம் காபி டம்ளரோடு மேலே வந்தான். கணவன். வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவன், அதனால் எல்லாவற்றுக்கும் கருத்து உள்ளவன்.

"குரங்கா இருக்கும்."

"குரங்குன்னா நாலு தொட்டி கவுந்திருக்கும். இது ஒரே அளவுல கிள்ளியிருக்கு பாரு. ரெண்டு அங்குலம். ஒண்ணு கூட விடலை."

"சரி, போலீஸ்ல என்னன்னு சொல்லப் போறே? களையைக் காணோம்னா?"

அதுதான் சிக்கல். பறிபோனது களை.

குனுகு என்று பெயர். தெலங்கானாவில் வயல் வரப்பிலும் ரயில் பாதை ஓரத்திலும் முதல் மழைக்குத் தானாக முளைக்கும். மூன்று நாலு மாதம் ஆட்டம் போடும், விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப் போகும். வெள்ளையும் வெளிர் ரோஜாவுமாகப் பூ, சுடர் மாதிரி கூம்பி நிற்கும். வருஷம் பூரா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பதுகம்மா பண்டிகை வந்தால் மட்டும் அதற்கு ராஜ மரியாதை. தாம்பாளத்தில் குனுகை அடுக்கடுக்காக வைத்துக் கோபுரம் கட்டி, நடுவில் இறக்கி, பெண்கள் சுற்றிவந்து கைதட்டிப் பாடுவார்கள்.

மே மாத அசோசியேஷன் கூட்டத்தில்தான் வினை ஆரம்பித்தது.

செகரட்டரி வேணுகோபால். ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே பட்டறையில் ஃபோர்மேனாகி, ரிட்டையராகி, தார்நாகாவில் இந்த அபார்ட்மெண்டுக்கு வந்தவர். தமிழ்க்காரர்தான். ஆனால் மூன்று பாஷையை ஒரே வாக்கியத்தில் ஏற்றி இறக்குவார்.

"நக்கோம்மா மாதங்கி, வேணாம். மாடி ஒழுகுது. தொட்டியெல்லாம் கீழே இறக்கிடு."

மாடி ஒழுகவில்லை. அங்கே ஷெட் போட்டு கேரம் போர்டு வைக்க அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அது லிஃப்டுக்குக்கூடத் தெரியும்.

மாதங்கிக்கு அந்த மாடி மூலை மட்டும்தான் சொந்தம் மாதிரி. பகல் பூரா ஆராய்ச்சி நிலையத்தில் ஜன்னல் இல்லாத லேப். சாயங்காலம் மேலே வந்து தொட்டி நடுவே நின்றால்தான் மூச்சே வரும். அந்த ஆத்திரத்தில் வாயை விட்டாள்.

"இந்த வருஷம் பதுகம்மாவுக்குக் குனுகு பூரா என் மாடியிலேர்ந்து. வருஷா வருஷம் மார்க்கெட்ல வாங்கறீங்களே, வாடி வதங்கி. நான் புதுசாத் தரேன்."

இரண்டாவது மாடி அனுபமாவிடம்தான் பண்டிகைப் பொறுப்பு. நல்ல சிநேகிதி. ஆனாலும் கணக்கில் கறார். "பெரிய பதுகம்மாவுக்கு ஐநூறு பூவாவது வேணுமே, வதினா," என்றாள், தெலுங்கில் அண்ணி முறை வைத்து.

வேணுகோபால் சிரித்தார். "ஹவ், சரி. ஐநூறு. ஒன்பதாம் நாள், சத்துல பதுகம்மா அன்னிக்குக் காலைல. ஒண்ணு குறைஞ்சாலும் மறுநாள் தொட்டி கீழே." மினிட்ஸ் நோட்டில் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டார்.

விதை மாதங்கியிடம் இருந்தது. போன நவம்பரில் ரயில் பாதை ஓரம் காய்ந்த பூவைத் தட்டில் கசக்கி எடுத்தது. அரைக்கீரை விதை மாதிரி, குட்டிக் குட்டியாய், கறுப்பாய், பளபளப்பாய். ஜூனில் முதல் மழை விழுந்ததும் அரை அங்குலம் தோண்டிப் போட்டு, அக்கறையாக மூடி, தண்ணீர் விட்டாள். பத்து நாள். ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள்தான் படித்துத் தெரிந்துகொண்டாள்: இந்த விதைக்கு வெளிச்சம் பட வேண்டும். மண்ணைப் போட்டு மூடினால் வராது.

"நீ விதைக்கலை, புதைச்சே," என்றான் ஷ்யாம்.

இரண்டாவது தடவை விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, இஸ்திரி போடுகிற ஸ்ப்ரே பாட்டிலால் பனி மாதிரி தெளித்தாள். ஏழாம் நாள் மண்மேல் பச்சைத் தூசி. அதிலிருந்து தேறியவை நாற்பது. லேப் புத்தி போகுமா? ஒவ்வொரு ஞாயிறும் செடியின் உச்சி இலையில் நீல மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, வாராவாரம் உயரம் அளந்தாள்.

இப்போது அந்தப் புள்ளிகளோடு சேர்த்துத் தலைகள் போயிருந்தன.

சந்தேகம் ஒருவர் மேல்தான். ஆனால் ஆதாரம்? மாடிச் சாவி எல்லோரிடமும் இருக்கிறது. கேமரா கேட்டில் மட்டும்தான்.

லிஃப்டில் வேணுகோபால் தாமாகவே ஆரம்பித்தார். "என்னம்மா, செடிக்கு என்னமோ ஆச்சாமே? ச்சு. குரங்குத் தொல்லை."

"உங்களுக்கு யார் சார் சொன்னா?"

லிஃப்டு நின்றது. அவருடைய மாடி இல்லை. ஆனாலும் இறங்கிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் நடுவில், ஒரு புதன்கிழமை. மறுபடியும் மொட்டை.

அன்று சாயங்காலம் அசோசியேஷன் சாவி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேணுகோபால் வீட்டுக்குப் போனாள் மாதங்கி. அவர் இல்லை. மனைவி புஷ்பா ஹாலில் பேப்பரை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தர்மபுரிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஹைதராபாத் வந்து முப்பது வருஷம்.

"வா மாதங்கி. உக்காரு."

"என்ன கீரைக்கா இது?"

"பண்ணைக்கீரை. உங்க மெட்ராஸ்ல கிடைக்காது. எங்க ஊர்ல மழைக்குக் காடு பூரா நிக்கும். கொழுந்தாக் கிள்ளிப் பருப்பு போட்டுக் கடைஞ்சா அப்படி இருக்கும். இந்த ஊர்ல இதைப் பூவுன்னு நினைச்சு வீணாக்கறாங்க."

மாதங்கி பேப்பரைப் பார்த்தாள். நீள இலை. காம்போரம் லேசான சிவப்பு.

"எங்கேர்ந்து கிடைச்சது?"

"இவர்தான். லாலாகுடால யாரோ சிநேகிதர் தோட்டமாம். விடிஞ்சதும் லுங்கியோடவே கிளம்பிப் போயி பத்தே நிமிஷத்துல வந்துடறார். செருப்புகூடப் போடறதில்ல. இந்த வயசுல என்ன வேகம் பாரேன்." புஷ்பா ஒரு நுனியைத் தண்டோடு ஓரமாகப் போட்டாள். "கீரைல ஒரே ஒரு குறை. உச்சி இலைல நீலமா ஒரு புள்ளி. ஏதோ நோய் போல. இதெல்லாம் பால்கனித் தொட்டிக்கு உரமாப் போட்டுடுவேன்."

ஓரத்தில் ஒரு சின்னக் குவியல். நீலப் புள்ளிகள் மாதங்கியைப் பார்த்துக் கண்ணடித்தன.

மாதங்கி கைப்பையைத் திறந்தாள். மார்க்கரை எடுத்தாள். பேப்பரில் ஒரு புள்ளி வைத்தாள்.

புஷ்பா புள்ளியைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். மேலே, மாடி இருக்கிற திசையைப் பார்த்தாள்.

"அடப் பாவி மனுஷா," என்றாள் நிதானமாக. "என்னை லாலாகுடான்னு நம்ப வெச்சாரே." பிறகு, "கோவிச்சுக்காதே. கடைஞ்சது கொஞ்சம் இருக்கு. சாப்பிட்டுப் பார்க்கறியா?"

மாதங்கி சாப்பிட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டும். பிரமாதமாக இருந்தது.

ஷ்யாம் குதித்தான். "நேராப் போய்க் கேளு. விடாதே."

"கேட்டா களைன்னு நினைச்சுப் பிடுங்கினேன்பார். அடுத்த தடவை வேரோட பிடுங்குவார். நீ மேலே வந்து பாரு."

மாடியில் காட்டினாள். முதல் தடவை கிள்ளிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு செடியும் நாலு கிளை விட்டிருந்தது. இப்போது அந்த நாலையும் கிள்ளியாயிற்று. ஒவ்வொன்றும் மறுபடி மூன்று கிளையாவது விடும்.

"நாற்பது நாலு நூத்தி அறுபது. மூணால பெருக்கு. நானூத்தி எண்பது. அடியில வர்ற பக்கக் கிளை வேற. கிள்ளாம விட்டிருந்தா இருநூறு பூகூடத் தேறியிருக்காது ஷ்யாம். அந்த ஆளுக்கு மாலை போடணும்."

"அப்ப கிள்ளட்டுமே."

"இனிமே கிள்ளினா பூ தீபாவளிக்குத்தான் வரும். இன்னியோட நிறுத்தணும். நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக் கூடாது."

மறுநாள் காலை மாடிக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. தமிழிலும் தெலுங்கிலும். 'செடிகளுக்குப் பூச்சி மருந்து அடித்திருக்கிறது. திங்கட்கிழமை முதல். தொடாதீர்கள்.'

திங்கட்கிழமை. கிள்ளியது புதன்.

இருபது நிமிஷத்தில் மணி அடித்தது. வாசலில் வேணுகோபால். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்லேம்மா. சும்மாத்தான். அந்த மருந்து... ரொம்ப கடுமையோ?"

"ஏன் சார்?"

"புறா. பாவம், ஒரு புறா வந்து இலையைக் கொத்தித் தின்னுதுன்னு வை. அதுக்கு என்ன ஆகும்?"

"எவ்வளவு தின்னுது சார்?"

அவர் யோசித்தார். "ரெண்டு கப் இருக்கும்."

உள்ளே ஷ்யாமுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"உயிருக்கு ஒண்ணுமில்ல சார்," என்றாள் மாதங்கி. "பத்து நாள் பத்தியம் இருந்தா சரியாயிடும். மோர் சாதம் மட்டும். காரம், எண்ணெய், இனிப்பு எதுவும் ஆகாது. கேரம் மாதிரி குனிஞ்சு விளையாடற விளையாட்டும் கூடாது."

"புறாவா கேரம் விளையாடும்?"

"விளையாடினா சொன்னேன் சார்."

பத்து நாளும் புஷ்பா முகம் மாறாமல் மோர் சாதம் பரிமாறினாள். தனக்குத் தனியாக வத்தக்குழம்பு. ஸ்ப்ரே பாட்டிலில் இருந்தது வெறும் மஞ்சள் தண்ணீர் என்று மாதங்கி அவளிடம் முன்னமே சொல்லியிருந்தாள்.

செப்டம்பரில் மாடி பூத்தது. தொட்டி தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் வெள்ளையும் ரோஜாவுமாய்க் கூர் கூராக நின்றன. எங்கிருந்தோ தேனீக்கள் வேறு வந்து சேர்ந்தன.

சத்துல பதுகம்மா அன்று காலை ஏழு மணி. மாடியில் பாய் விரித்து அனுபமா எண்ணினாள். வேணுகோபால் மினிட்ஸ் நோட்டோடு பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் எண்ணியதை மறுபடி எண்ணினார்.

கடைசிக் கட்டு. அனுபமாவின் குரல் இறங்கியது.

"நானூத்தித் தொண்ணூத்தி ஒன்பது."

மாதங்கி ஒவ்வொரு செடியாகத் தேடினாள். இலைதான் இருந்தது. அனுபமா மூன்றாவது தடவை எண்ணினாள். அதே எண்.

"ஒண்ணுதானே சார்," என்றாள் அனுபமா தெலுங்கில்.

"எழுத்துன்னா எழுத்துதாம்மா." கோடு போட்ட வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "ஒண்ணு குறைஞ்சாலும். நானா சொல்றேன்? நோட்டு சொல்லுது."

மாதங்கி தொட்டிகளைப் பார்த்தாள். நாளைக்கு இந்த இடத்தில் கேரம் காய் சத்தம்.

அப்போது படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம். புஷ்பா. கையில் ஒற்றைப் பூ, அடித்தண்டு இலையோடு. சின்னதுதான், சுண்டுவிரல் நீளம்.

"இந்தா. ஐநூறு."

வேணுகோபால் நிமிர்ந்தார். "இது எங்கேர்ந்து?"

"நம்ம பால்கனித் துளசித் தொட்டி. அன்னிக்கு ஆய்ஞ்சு போட்டதுல ஒரு தண்டு வேர் விட்டிருக்கு."

"அப்ப இது செல்லாது. இந்த மாடியில வளர்ந்த பூவுன்னுதானே பேச்சு? இது லாலாகுடா..."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது.

மாதங்கி பூவை வாங்கி, அடி இலையைத் திருப்பினாள். நீலப் புள்ளி. மங்கியிருந்தது. ஆனாலும் இருந்தது.

"இது நான் ஒரு ஞாயித்துக்கிழமை வெச்சது சார். பிறந்தது இதே மாடி. இங்கேர்ந்து லாலாகுடாவுக்குப் போயி, உங்க வீட்டுக்கு எப்படி வந்ததுன்னும் மினிட்ஸ்ல எழுதிடலாமா?"

புஷ்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஊரை வேடிக்கை பார்த்தாள்.

வேணுகோபால் பேனாவைத் திறந்தார். 'ஐநூறு. சரி பார்க்கப்பட்டது. மாடித் தொட்டிகள் அங்கேயே இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை கோடு போடவில்லை.

சாயங்காலம் கீழே பெண்கள் சுற்றிவந்து கைதட்டினார்கள். அனுபமாவின் கோபுரம் இடுப்பு உயரம் நின்றது. உச்சியில் அந்தச் சுண்டுவிரல் பூ. வேணுகோபால் மெல்ல மாதங்கி பக்கம் நகர்ந்து வந்தார்.

"அந்த மருந்து..."

"மஞ்சள் தண்ணி சார்."

அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "பத்து நாள் மோர் சாதம்மா," என்றார்.

"அடுத்த ஜூன்ல கீரைக்குன்னே ரெண்டு தொட்டி தனியாப் போடறேன். ஆனா மணி அடிச்சு, சொல்லிட்டுத்தான் கிள்ளணும்."

வேணுகோபால் மனைவி இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு தொட்டியாப் போடக் கூடாதா?"