ஹம்சினி என்ற பெயரில்

நாற்பத்தேழு வயதில் ஹெலன் டீச்சருக்குக் காதல் வந்தது. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், வந்தது வந்ததுதான். கருங்குழியிலிருந்து பஸ் ஏறிப்போய், செங்கல்பட்டு பிரௌசிங் சென்டரில் மூன்றாவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த இடத்தில் வந்தது. வருஷம் 2003.

டீச்சர்கள் கம்ப்யூட்டர் பழக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பழகத்தான் இன்டர்நெட் சாட்டில் நுழைந்தாள். பெயர் கேட்டது. சொந்தப் பெயரைப் போடப் பயம். ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் தினமும் கூப்பிடுகிற பெயர்களில் காதுக்கு இனிமையான ஒன்றைப் போட்டாள்: ஹம்சினி. அது எந்தத் தெருவில் வைக்கிற பெயர் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும், பிறந்ததிலிருந்து தெருவை வைத்தே அவளை அளந்திருக்கிறார்கள்.

திருக்கழுக்குன்றத்து வாசுதேவன் அந்தப் பெயருக்குத்தான் ஹலோ சொன்னார். மனைவியை இழந்தவர், ஆபீஸில் ரிட்டையராக இரண்டு வருஷம் பாக்கி என்றார். முதல் மாதம் மழை, பஸ், முட்டிவலி என்று போனது. பிறகு என்னென்னவோ. இவள் அடித்த வரிகளுக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தனக்குக் கிண்டல் வரும் என்பதே ஹெலனுக்கு அப்போதுதான் தெரிந்தது! படுத்த படுக்கையான அப்பாவுக்காக வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்ததையும், அப்பா போன பிறகு கண்ணாடி பார்க்கவே மறந்துபோனதையும் அவரிடம் சொன்னாள். ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னாள்.

"இன்னாடி, சனிக்கெழம ஆனா செங்கல்பட்டு ஓடிக்கினு கீற? மூஞ்சில களை வேற!" என்று கூட வேலை செய்யும் மார்கரெட் பிடித்துக்கொண்டாள். கதையைக் கேட்டு முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. "பேரச் சொல்லிடு ஹெலனு. இப்பவே சொல்லிடு. அப்பறம் பேஜாராப் பூடும்."

"நேர்ல சொல்றேன்."

பதினோரு மாதம் கழித்து வாசுதேவனே மாமல்லபுரத்துக்குக் கூப்பிட்டார். 'உங்க கையால ஒரு காப்பி' என்று பல நாள் கேட்டிருந்தார். ஹெலன் டிகாக்ஷன் இறக்கி, காப்பி கலந்து பிளாஸ்கில் ஊற்றி, இரண்டு டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனாள்.

கடற்கரைக் கோயில் பக்கத்துப் புல்வெளியில் காத்திருந்தவர் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த ஒரு கும்பிடுக்காகவே கடைசிவரை அவரை வெறுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

காப்பியை ஆவி பறக்க ஊற்றிக் கொடுத்தாள். வாய்க்குப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஏமாற்றிக் குடிக்கவைத்த மாதிரி ஆகிவிடக் கூடாதே!

"எம்பேரு ஹம்சினி இல்ல. ஹெலன்."

"அதனாலென்ன? நானும் நாலு வயசு கொறைச்சுத்தான் சொல்லியிருக்கேன்" என்று சிரித்தார். டம்ளர் பாதி வழியில் நின்றது. "கருங்குழில எந்தத் தெரு?"

பதினோரு மாதமாக அவர் கேட்காத கேள்வி. அதைக் கேட்காத ஒரே மனுஷன் என்றுதான் அவள் உருகிப்போயிருந்தாள். ஹம்சினியிடம் அதைக் கேட்க அவசியமே இருக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"காலனி."

"ஓ" என்றார். "அதெல்லாம் நான் பாக்கறதில்லே." பிறகு வெயிலைப் பற்றிப் பேசினார், பிள்ளைக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசினார். அரை மணி நேரம் கழித்து டம்ளரைப் புல்லில் வைத்தார். "ஆறிடுத்து."

அடுத்த சனிக்கிழமை போகக் கூடாது என்றுதான் இருந்தாள். கால் கேட்கவில்லை. அவருடைய செய்தி காத்திருந்தது: 'ஹம்சினி, நேர்ல பாத்ததை மறந்துடுவோம். பழையபடி இங்கேயே பேசலாமே? நீங்க இல்லாம வாரம் நகரலை.'

அது பொய்யில்லை. அதுதான் கொடுமை. அவளுக்கும் வாரம் நகரவில்லை. சரி என்று அடிக்க விரல் போய்விட்டது. நாற்பத்தேழு வருஷத்தில் அவளுடைய கிண்டலைக் கேட்டுச் சிரித்த ஒரே ஆள். இவரையும் விட்டுவிட்டு யாரிடம் போய்ப் பேசுவாள்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்: 'நான் ஹெலன். காப்பிய நான் சூடாத்தான் குடுத்தேன்.'

ஒரு மணி நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பதில் வரவில்லை. ஆள் இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் பொட்டு அவர் பெயருக்குப் பக்கத்தில் கடைசிவரை எரிந்துகொண்டுதான் இருந்தது.