தலைப்புக்கு மட்டும்

உருட்டிக் கொண்டுவந்த கண்ணீர் அஞ்சலித் தாளை அச்சகக்காரர் தையல் மேசைமேல் விரித்து, சுருளாமலிருக்க ஓரங்களில் கத்தரிக்கோல்களை வைத்தார். அடுத்த அறையில், விடியும்போது மூச்சு நின்றுபோன அண்ணன் படுத்திருந்தான். தங்கை தாளின்மேல் குனிந்தாள். ஒரு வரியும் படிக்க முடியவில்லை.

"முழுக்க அவரோட எழுத்துலயே போட்டிருக்கேம்மா. என்னால ஆனது," என்றார் அச்சகக்காரர். கண் கலங்கியிருந்தது.

அதுதான் கோளாறு. அண்ணன் பட்டைப் பேனாவால் வரைந்து, பிறகு கணினியில் ஏற்றிய எழுத்து அது. நெடுக்குக் கோடுகள் தடித்திருக்கும், வளைவுகள் முடியாய் மெலியும், ஒவ்வொரு முனையும் சின்னதாய்ப் பாதம் ஊன்றி நிற்கும். புத்தக அட்டையில் பெரிதாய் வைத்தால் ராஜநடை. பொடியாக்கினாலோ மெல்லிய கோடெல்லாம் காணாமல் போய், தடித்தவை மட்டும் உடைந்த வேலிபோல் மிஞ்சும். கேட்பவரிடமெல்லாம் 'இது தலைப்புக்கு மட்டும்' என்று சண்டை போட்டவன். சட்டைக் கழுத்துப் பட்டியில் தையல்கடைப் பேரை அந்த எழுத்தில் பொடியாய்ப் போட்டுத் தைத்ததற்காகத் தங்கையோடு இரண்டு நாள் பேசாதவன்.

"அண்ணன் இதப் பாத்தா எழுந்து உக்காந்துடுவான்," என்றாள்.

"நேரமாச்சும்மா, கேட்ல ஒட்டணும்," என்றார் பின்னால் நின்ற மாமா. "எல்லார் பேரும் இருக்குல்ல? அது போதும்."

"இருக்கு மாமா. யாரு பேருன்னுதான் தெரியல."

"வேற எழுத்துல மாத்தித் தரட்டுமா?" என்றார் அச்சகக்காரர்.

அவள் யோசித்தாள். அடுத்தவன் சட்டையைப் போட்டு அண்ணனை அனுப்புவதுபோல் இருந்தது. துணிக்குக் கோடு போடும் நீலச் சுண்ணக்கட்டியை எடுத்து, தாளில் வரிகளை அடிக்கத் தொடங்கினாள். 'மனிதருள் மாணிக்கம்' போயிற்று. சித்தப்பாக்கள் போனார்கள். மாமா போனார். கடைசியாகத் தன் பேரையும் அடித்தாள்.

"ஏம்மா, என்னையுமா?"

"உங்கள யாருக்கு மாமா தெரியாது? துணி பத்தலன்னா பாக்கெட்டத்தான் விட்டுடுவோம். கையவா வெட்டுவோம்?"

"சாயங்காலம் எடுக்கறோம்னாவது போட வேணாமா?"

"அத நீங்க வாசல்ல நின்னு சொல்லுங்க. உங்க தொண்டைக்கு நாலு தெரு கேக்கும்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறையைப் பார்த்தார். அப்புறம் அதே துண்டு கண்ணுக்குப் போயிற்று.

"அண்ணன் பேர் மட்டும் போதும்," என்றாள் அச்சகக்காரரிடம். "தாள் நெடுக."

புதுத் தாள் வந்ததும் மாமாவே கேட்டில் ஒட்டினார். அவள் ஜன்னலருகே நின்றாள்.

எதிர்ச் சாரியில் போன ஒருவர் காலை ஊன்றி சைக்கிளை நிறுத்தினார். தெருவைக் கடக்கவில்லை. அங்கிருந்தபடியே படித்தார். பிறகு சைக்கிளிலிருந்து இறங்கி, வீட்டைத் தாண்டும்வரை அதைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.