நடுவில் விழுந்த குழி

மூன்றாவது கேக்கும் நடுவில் குழிந்துவிட்டது.

நாவலாசிரியை தேக்கரண்டியைக் குழியில் செங்குத்தாக நிறுத்தி ஆழம் பார்த்தாள். அவளுடைய துப்பறியும் நாவல்களில் கொலைகாரனைப் பிடிப்பவள் ஒரு பேக்கரிக்காரி. ஒவ்வொரு நாவலும் ஒரு கேக் செய்முறையோடு முடியும். போன நாவலின் கேக் வாசகர்கள் வீட்டில் கல்லாய்ப் போனது. அதனால் பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: நாலு மணிக்குப் புகைப்படக்காரர் வருவார்; ஆசிரியை கையால் செய்த கேக் உப்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிஜ பேக்கரி நடத்தும் நாத்தனாரின் பேரும் புத்தக அட்டையில் ஏறும்.

அந்த நாத்தனார் காலையிலிருந்து சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"நான் குடுத்த இதே அளவுதான் அண்ணி. என் கடையில தலகாணி மாதிரி வந்துச்சு."

"சொல்லிக்காட்டத்தான் வந்தியா?"

"அட்டையில என் பேரு எந்தப் பக்கம்னு கேக்க வந்தேன். மேல போட்டா எடுப்பா இருக்கும்."

"அளவுல ஏதோ மறைச்சிருக்க."

"தராசு உங்க முன்னாடிதான் இருக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நாவலாசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி தராசில் நிறுத்தாள். மாவு சரி. சர்க்கரை சரி. சமையல் சோடா புதுப் பொட்டலம். ஓவனுக்குள் வைத்த வெப்பமானி சொன்ன சூடும் சரி. கேக் தட்டுகூட நாத்தனார் கடையிலிருந்து வந்ததுதான்.

மிச்சமிருந்தது அவளுடைய நோட்டு மட்டும். செய்யச் செய்ய எழுதினால்தான் அவளுக்கு வார்த்தை வரும். தயிரை ஊற்றிக் கலக்குவாள், கையைத் துடைப்பாள், உட்கார்ந்து மாவின் நிறத்தையும் மணத்தையும் எழுதுவாள், பிறகுதான் தட்டை ஓவனில் தள்ளுவாள். பக்கங்களைப் புரட்டினாள். முதல் கேக்குக்கு அந்த இடத்தில் மூன்று பக்கம். குழி கரண்டியில் பாதி. இரண்டாவதுக்கு இரண்டு பக்கம். குழி கொஞ்சம் குறைவு. மூன்றாவதுக்கு ஒன்றரைப் பக்கம், இன்னும் குறைவு.

எழுத்து நீள நீளக் குழி ஆழமாகியிருந்தது.

பேனாவை அலமாரிக்கு மேல் எறிந்துவிட்டு நாலாவது கேக்கைக் கலக்கினாள். தயிர் பட்டதும் மாவில் குமிழிகள் பொரிந்தன. அவள் கையைக்கூடத் துடைக்கவில்லை. தட்டு நேரே ஓவனுக்குள் போனது.

மூன்றேகால் மணிக்கு வெளியே வந்த கேக் விளிம்பைத் தாண்டி எழுந்திருந்தது. கரண்டியை நிறுத்த நடுவில் பள்ளமே இல்லை.

நாத்தனார் முகத்தில் வியப்பு துளியும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் நாவலாசிரியை.

"முதல் கேக்குலயே தெரியும். மாவைக் காக்க வச்சுட்டு நீங்க பேனாவை எடுத்தப்பவே."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"போன புத்தகத்துல என் கடை மாதிரியே ஒரு கடை. அதை நடத்தறவளுக்கு என்னை மாதிரியே மாறுகண், நொண்டி நடை. அவதான் விஷம் வச்சவ. கடைக்கு வர்றவங்க எல்லாம் இன்னும் சிரிக்கிறாங்க. எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். கதவை இழுத்துச் சாத்திய வேகத்தில் ஜன்னல் அதிர்ந்தது. அட்டையில் ஒரே பேர்தான் இருக்கப்போகிறது.

நாவலாசிரியை நாற்காலி போட்டு ஏறிப் பேனாவை எடுத்தாள். செய்முறையில் விட்டுப்போயிருந்த வரியை எழுதினாள்:

'தயிரும் சோடாவும் சேர்ந்த நொடியிலிருந்து மாவில் குமிழி உண்டாகி வெளியேறத் தொடங்கும். அது வீணாகுமுன் சூட்டில் மாவு இறுக வேண்டும். ஆகவே ஓவனை முதலில் சூடாக்குங்கள். கலக்கியதும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் உள்ளே வையுங்கள்.'